இடைக்கோப்புகளின் கணக்கு



கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது எவ்வாறு என்பதைக் கற்பிக்கும் நூல்கள் பல உண்டு. எழுதி முடித்த நிரல், ஓடக்கூடிய நிரலாக எப்படி உருப்பெறுகிறது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. எழுதியதற்கும் ஓடுவதற்கும் நடுவே சில கோப்புகள் பிறக்கின்றன. அவற்றை நாம் எழுதுவதுமில்லை. பெரும்பாலும் திறந்து பார்ப்பதுமில்லை. இடைக்கோப்புகள் என்று அவற்றைச் சொல்லலாம். கண்ணில் படாத இந்தக் கோப்புகளின் கணக்குத் தவறினால், சரியாக எழுதிய நிரலும் தவறாக ஓடும். தவறாக எழுதிய நிரலும் சில நாள் சரியாக ஓடுவதுபோலத் தோன்றும். இந்தக் கணக்கு எவ்வாறு தவறுகிறது, தவறாமல் காப்பதற்கு அறிஞர்கள் என்னென்ன வழிகளைக் கண்டிருக்கிறார்கள் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நமக்குப் பழக்கமான ஓர் இடத்திலிருந்து தொடங்குவோம். வீட்டில் சாம்பார் வைக்கிறார்கள். மிளகாயையும் கொத்தமல்லியையும் பருப்பையும் வெந்தயத்தையும் நாள்தோறும் வறுத்து அரைப்பதில்லை. ஒரு முறை அரைத்துப் பொடியாக்கி டப்பாவில் வைத்துக்கொள்கிறார்கள். மிளகாயும் மல்லியும் மூலப்பொருள்கள், சாம்பார் முடிவுப்பொருள், டப்பாவில் உள்ள பொடி இடைப்பொருள். இடைப்பொருளால் நமக்கு மிச்சமாவது நேரம். இப்போது, காரம் மிகுதி என்று வீட்டில் பெரியவர்கள் சொல்ல, காரம் குறைந்த வேறு மிளகாயை வாங்கி வருகிறார்கள். ஆனால் டப்பாவில் பழைய பொடியே இருக்கிறது. அன்று வைத்த சாம்பாரிலும் காரம் குறையவில்லை. மிளகாயை மாற்றியும் காரம் போகவில்லையே, புளியில் கோளாறா, பருப்பில் கோளாறா என்று ஆராயத் தொடங்கினால், எத்தனை நாள் ஆராய்ந்தாலும் விடை கிடைக்காது. மூலம் மாறியது, இடைப்பொருள் மாறவில்லை, அவ்வளவுதான் செய்தி.

இதையே கணிப்பொறியில் பார்ப்போம். ஒருவர் சி மொழியில் ஒரு நிரலை 40 கோப்புகளாகப் பிரித்து எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலர் என்னும் மொழிமாற்று நிரல், ஒவ்வொரு மூலக்கோப்பையும் தனித்தனியே இயந்திர மொழிக்கு மாற்றி, ஆப்ஜெக்ட் கோப்பு என்னும் வடிவில் எழுதி வைக்கிறது. பிறகு லிங்கர் என்னும் மற்றொரு நிரல், அந்த 40 ஆப்ஜெக்ட் கோப்புகளையும் இணைத்து, ஓடக்கூடிய ஒரே நிரலாக ஆக்குகிறது. மூலக்கோப்பு ஒன்றில் ஒரு வரியைத் திருத்தினால், அந்த ஒன்றை மட்டும் மறுபடி மாற்றினால் போதும். மற்ற 39 ஆப்ஜெக்ட் கோப்புகளையும் அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம். பெரிய நிரல்களில் இதனால் மணிக்கணக்கான நேரம் மிச்சமாகிறது. ஆனால் எந்த ஒன்றை மறுபடி மாற்றவேண்டும் என்பதை யார் நினைவில் வைத்திருப்பது?

மனிதர்களே நினைவில் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. அதன் விளைவை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி நன்கு காட்டுகிறது. 1976ஆம் ஆண்டில் ஒரு நாள், அங்கே பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன், தம் சகாவான ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் மிகுந்த சலிப்போடு நுழைந்தார். ஒரு காலைப்பொழுது முழுவதும் அவர் தம் நிரலில் பிழை தேடியிருந்தார். பிழையோ முன்பே திருத்தப்பட்டுவிட்டது. திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யாமல் விட்டதால், பழைய ஆப்ஜெக்ட் கோப்பே இணைக்கப்பட்டு, பழைய பிழையே மீண்டும் மீண்டும் தலைகாட்டியது. ஃபெல்ட்மனும் அதற்கு முந்தின மாலையில் இதே தொல்லையை அனுபவித்திருந்தார். அந்த வார இறுதியிலேயே அவர் ஒரு சிறு கருவியை எழுதினார். அதன் பெயர் மேக். பின்னர் உலகெங்கும் பரவிய அந்தக் கருவிக்காக, அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கமான ஏசிஎம், 2003ஆம் ஆண்டின் மென்பொருள் அமைப்பு விருதை அவருக்கு அளித்தது.

மேக் கருவியின் தத்துவம் மிக எளியது. எந்தக் கோப்பு எந்தக் கோப்புகளைச் சார்ந்திருக்கிறது, அதை உண்டாக்கும் கட்டளை யாது என்று நாம் ஒரு பட்டியல் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு கோப்பும் கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்ற நேரத்தைக் கணிப்பொறி குறித்து வைத்திருக்கிறது. மூலம், தன்னிடமிருந்து பிறந்த கோப்பைவிடப் புதியதாக இருந்தால், மேக் அந்தக் கட்டளையை மறுபடி நடத்துகிறது, இல்லையேல் விட்டுவிடுகிறது. டப்பாவின் மேல் அரைத்த தேதியை எழுதி, மிளகாய் வாங்கிய தேதியோடு ஒப்பிடுவது போன்றதே இது.

இத்துடன் தொல்லை தீர்ந்திருக்க வேண்டுமல்லவா? தீரவில்லை. மேக் தன்னிடம் சொல்லப்பட்ட சார்புகளை மட்டுமே அறியும். சொல்லாமல் விட்ட சார்பை அது எப்படி அறியும்?

சி மொழியில் ஒரு வழக்கம் உண்டு. பல மூலக்கோப்புகளுக்கும் பொதுவான விவரங்களைத் தலைப்புக் கோப்பு என்ற ஒன்றில் எழுதி வைப்பார்கள். ஒரு மாணவரைப் பற்றிய பதிவில் எத்தனை கட்டங்கள் உண்டு என்பது அத்தகைய விவரம். மூன்று கட்டங்கள் இருந்த பதிவில் நடுவே நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறோம். அந்தத் தலைப்புக் கோப்பைப் பயன்படுத்தும் மூலக்கோப்புகள் பத்து. பட்டியலில் நாம் குறித்திருப்பது ஒன்பது. ஒன்பதும் மறுபடி கம்பைல் ஆகின்றன. பத்தாவது பழைய ஆப்ஜெக்ட் கோப்பாகவே நின்றுவிடுகிறது. ஒன்பது பேர் நான்கு கட்டங்கள் என்று எண்ணி எழுதுகிறார்கள். ஒருவர் மூன்றே என்று எண்ணிப் படிக்கிறார். லிங்கர் இதைக் கண்டுகொள்வதில்லை. மதிப்பெண் இருக்கவேண்டிய இடத்தில் வயது வந்து நிற்கும். மூலக்கோப்பு எதைத் திறந்து பார்த்தாலும் பிழையே இராது.

இதற்குக் கண்ட பரிகாரம், சார்புகளைக் கம்பைலரிடமே கேட்டுக்கொள்வது. எந்தெந்தத் தலைப்புக் கோப்புகளைத் திறந்து படித்தோம் என்பதை அதைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஜிசிசி போன்ற கம்பைலர்கள், மொழிமாற்றம் செய்யும்போதே தாம் படித்த கோப்புகளின் பெயர்களை ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதித் தருகின்றன. அடுத்த முறை மேக் அந்தக் குறிப்பைப் படித்துக்கொள்கிறது. முதல் முறை குறிப்பு இல்லையே என்றால், முதல் முறை ஆப்ஜெக்ட் கோப்பும் இல்லை. ஆகவே எல்லாவற்றையும் எப்படியும் கம்பைல் செய்தாகவேண்டும். குறிப்பு தேவைப்படுவது இரண்டாம் முறையிலிருந்துதான்.

நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் தலைப்புக் கோப்பே ஓர் இடைக்கோப்பாக இருந்துவிட்டால் இது போதாது. அதாவது, அதை மனிதர் எழுதாமல் வேறொரு கருவி உண்டாக்குகிறது என்றால், முதல் முறை அந்தக் கோப்பே இராது. அதை முதலில் உண்டாக்கவேண்டும் என்று சொல்ல குறிப்பும் இராது. சில வேளை கம்பைலர் கோப்பைக் காணோம் என்று நின்றுவிடும். சில வேளை, தற்செயலாக வேறொரு வேலை அதை முன்பே உண்டாக்கிவிட்டிருக்க, எல்லாம் சரியாக நடந்துவிடும். இரண்டாவதே ஆபத்தானது. ஆகையால் கருவி உண்டாக்கும் தலைப்புக் கோப்புகளை மட்டும் நாமே பட்டியலில் முன்கூட்டிக் குறிக்கவேண்டும்.

இனி, ஒரே வேலையில் இரண்டு பொருள்கள் பிறக்கும் சிக்கல். முன்பு சொன்ன ஸ்டீவ் ஜான்சன்தான் யாக் என்னும் புகழ்பெற்ற கருவியை ஆக்கியவர். ஒரு மொழியின் இலக்கண விதிகளை அதனிடம் கொடுத்தால், அம்மொழியைப் பகுத்துப் படிக்கும் சி நிரலை அது எழுதித் தரும். வேண்டினால் அதனோடு ஒரு தலைப்புக் கோப்பையும் எழுதித் தரும். ஒரு மூலம், ஒரு கட்டளை, இரண்டு இடைக்கோப்புகள். மேக் கருவி பிறக்கக் காரணமாயிருந்தவரின் கருவியே மேக் கருவிக்கு ஒரு புதிரைப் போட்டது!

தயிரைக் கடைந்தால் வெண்ணெயும் வருகிறது, மோரும் வருகிறது. வீட்டில் இருவரை அழைத்து, ஒருவரிடம் வெண்ணெய் கொண்டுவா என்றும் மற்றவரிடம் மோர் கொண்டுவா என்றும் சொல்லுகிறோம். இருவரும் ஒரே பானையில் ஆளுக்கொரு மத்தைப் போட்டுக் கடையத் தொடங்கினால் என்ன ஆகும்? மேக் கருவியில் நடந்தது அதுவே. அதன் வழக்கமான விதியில் இரண்டு இலக்குகளை எழுதினால், இரண்டு தனித்தனி விதிகள் என்றே அது பொருள்கொள்ளும். ஒன்றன்பின் ஒன்றாக வேலை நடக்கும்போது இது வெளியே தெரியாது. முதல் கட்டளையே இரண்டு கோப்புகளையும் உண்டாக்கிவிடுவதால் இரண்டாவதற்கு வேலை இராது. பல வேலைகளை ஒரே சமயத்தில் நடத்தச் சொன்னால்தான், யாக் இரு முறை ஒரே நேரத்தில் ஓடி, ஒன்று எழுதுவதை மற்றொன்று அழிக்கும். பத்து முறையில் ஒன்பது முறை சரியாக நடந்து, பத்தாவது முறை கெடும். இவ்விரண்டும் ஒரே கட்டளையின் குழந்தைகள் என்று வெளிப்படையாகக் குறிக்கும் வசதி, க்னூ மேக் கருவியின் 4.3 பதிப்பில், 2020ஆம் ஆண்டில்தான் வந்தது.

அதே தலைப்புக் கோப்பு இன்னொரு பாடத்தையும் கற்பிக்கிறது. இலக்கண விதி ஒன்றைச் சிறிது மாற்றுகிறோம். யாக் மறுபடி ஓடுகிறது. தலைப்புக் கோப்பின் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் எழுதிய நேரம் மாறிவிட்டது. அதைச் சார்ந்த அத்தனை கோப்புகளும் வீணாக மறுபடி கம்பைல் ஆகின்றன. இதைத் தவிர்க்க, புதிய கோப்பைப் பழையதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் இடம் மாற்றுவது என்ற தந்திரத்தைக் கையாண்டார்கள். ஆனால் அப்போது தலைப்புக் கோப்பு இலக்கணக் கோப்பைவிட என்றும் பழையதாகவே நிற்கும். மேக் ஒவ்வொரு முறையும் யாக் கருவியை ஓட்டிக்கொண்டே இருக்கும். அதற்கும் பரிகாரமாக, உள்ளே ஒன்றுமில்லாத, நேரத்தை மட்டும் காட்டும் முத்திரைக் கோப்பு ஒன்றை நடுவே வைத்தார்கள். ஓர் இடைக்கோப்பின் குறையைத் தீர்க்க மற்றோர் இடைக்கோப்பு!

நேரத்தை மட்டும் நம்புவதால் வரும் இடர்கள் இன்னும் உண்டு. ஒரு கட்டளை பாதியில் பிழையோடு நின்றுவிடுகிறது. அதற்குள் அது கோப்பில் பாதியை எழுதிவிட்டது. அந்தப் பாதிக் கோப்பின் நேரம் புதியது. அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, வேலை முடிந்துவிட்டது என்று நம்புகிறது. பிழை நேர்ந்தால் இலக்கை அழித்துவிடு என்று க்னூ மேக் கருவிக்கு ஒரு வரியில் ஆணையிடலாம். நாம் ஆணையிடாவிட்டால் அது அழிப்பதில்லை. வலைப்பின்னலில் இணைந்த இரு கணிப்பொறிகளின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால், புதியது பழையதாகத் தோன்றும். கம்பைலருக்குத் தரும் கட்டளையையே மாற்றினால், கோப்புகளின் நேரம் எதுவும் மாறாததால், மேக் அசையாமல் இருக்கும். மிளகாய் அதே மிளகாய்தான். வறுக்கும் முறையை மாற்றினோம். பொடியை மறுபடி அரைக்கவேண்டும் என்று டப்பாவின் தேதி சொல்லுமா?

மற்றொரு விந்தையும் மாணவர்களைத் திகைக்கச் செய்வதுண்டு. க்னூ மேக் தானாகவே இரண்டு மூன்று விதிகளைச் சங்கிலியாகக் கோத்து ஒரு கோப்பை உண்டாக்கினால், நடுவில் பிறந்த கோப்பை வேலை முடிந்ததும் அழித்துவிடும். அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. அந்த இடைக்கோப்பு இல்லாவிட்டாலும், அதைத் தாண்டி மூலத்தை நோக்கி, முடிவுக்கோப்பு மூலத்தைவிடப் புதியதா என்று மேக் பார்த்துக்கொள்ளும். ஆனால் உண்டாக்க நெடுநேரம் பிடிக்கும் இடைக்கோப்பாயின், அதை அழிக்காதே என்று நாம்தான் சொல்லவேண்டும்.

பெரிய திட்டங்களில் ஒவ்வொரு கோப்பகத்துக்கும் ஒரு பட்டியல் எழுதி, ஒரு மேக் மற்றொரு மேக் கருவியை அழைக்கும்படி வைப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் தீங்கானது என்று 1998ஆம் ஆண்டில் பீட்டர் மில்லர் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதம் எளியது. சார்புகளின் முழுப்படத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டைக் கொடுத்தால், துண்டுகளுக்கிடையே உள்ள சார்புகளை அறிந்தவர் ஒருவரும் இல்லை. முழுப்படமும் ஒரே இடத்தில் இருந்தால்தான் கணக்குச் சரியாகும்.

பின்வந்த கருவிகள் இந்தப் பாடங்களை ஏற்றுக்கொண்டன. ஸ்கான்ஸ் என்னும் கருவி, நேரத்துக்குப் பதிலாகக் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்க எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, கோப்புக்கு அந்த எண் அப்படி. குரோம் உலாவிக்காக ஈவன் மார்ட்டின் எழுதிய நிஞ்ஜா, ஒவ்வொரு கோப்பும் எந்தக் கட்டளையால் பிறந்தது என்பதையும் குறித்து வைக்கிறது; கட்டளை மாறினால் மறுபடி உண்டாக்குகிறது. கூகுள் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிட்ட பேஸல், இன்னும் கண்டிப்பானது. பட்டியலில் சொன்ன கோப்புகள் மட்டுமே உள்ள ஒரு தனி அறையில் கட்டளையை ஓட்ட அதனால் இயலும். சொல்லாமல் விட்ட கோப்பு அந்த அறையில் இராது. ஆகவே மறதி அன்றைக்கே வெளிப்பட்டுவிடும். மறுபடி உண்டாக்கிய இடைக்கோப்பு பழையதைப் போலவே இருந்தால் அத்தோடு வேலையை நிறுத்திக்கொள்ளலாம் என்ற கருத்துக்கு, மொகோவ், மிட்செல், பெய்டன் ஜோன்ஸ் ஆகிய மூவரும் 2018ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வுரையில் இந்தக் கருவிகளின் பொதுத் தத்துவங்களுள் ஓர் இடம் கிடைத்தது.

இவையெல்லாம் பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவி, மழையளவுக் குறிப்புகளை வைத்து ஓர் ஆய்வேடு எழுதினார். மூலக் குறிப்புகள் ஒரு கோப்பில். அதில் விடுபட்டவற்றை நீக்கித் தூய்மை செய்த குறிப்புகள் மற்றொரு கோப்பில். அதிலிருந்து வரைந்த படம் மூன்றாவது கோப்பில். மூலத்தில் ஒரு மாதத்தின் அளவு பத்து மடங்காகப் பதிவாகியிருந்ததைக் கண்டு திருத்தினார். படத்தை மறுபடி வரைந்தார். தூய்மை செய்யும் நிரலை மறுபடி ஓட்டவில்லை. புதிதாக வரைந்த படமும் பழைய எண்களையே காட்டியது. அதை வைத்து அவர் எழுதிய முடிவுரை, பெய்யாத மழைக்கு விளக்கம் சொன்னது. ஒப்படைப்பதற்கு இரண்டு நாள் முன்பு, ஓர் ஆண்டின் கூட்டுத்தொகையைக் கையால் போட்டுப் பார்த்ததால் பிழை அகப்பட்டது. அவ்வாறு போட்டுப் பார்க்கத் தோன்றாத ஆய்வேடுகளில் இத்தகைய பிழை அகப்படுவதற்கு வழி ஏது?

ஐயம் வந்தால் இடைக்கோப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவது பலருடைய வழக்கம். அது தவறன்று, பல வேளைகளில் அதுவே குறுக்கு வழி. ஆனால் அதனால் கோளாறு நீங்கிவிட்டால், கோளாறு நம் நிரலில் இல்லை, சார்புப் பட்டியலில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். பட்டியலைத் திருத்தாவிட்டால் அது மறுபடி வரும்.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு நான் சொல்லக்கூடியவை சிலவே. மனிதர் எழுதிய கோப்புகளையும் கருவி எழுதிய கோப்புகளையும் வேறு வேறு கோப்பகங்களில் வையுங்கள்; இரண்டாவது கோப்பகத்தை எந்த நேரத்திலும் அச்சமின்றி அழிக்க முடியவேண்டும். கருவி எழுதிய கோப்பைக் கையால் திருத்தாதீர்கள். அடுத்த முறை அத்திருத்தம் காணாமற்போகும். மூலத்திலிருந்து முடிவுவரை உள்ள படிகளை, எவ்வளவு சிறிய வேலையாயினும், ஒரு பட்டியலாக எழுதி, ஒரே கட்டளையால் ஓடும்படி செய்யுங்கள். ஒப்படைக்கும் முன் ஒரு முறை, வெறும் மூலக்கோப்புகளை மட்டும் வேறொரு கணிப்பொறிக்கு எடுத்துச் சென்று, அதே முடிவு வருகிறதா என்று பாருங்கள். அங்கே வராத முடிவை உங்கள் பெயரால் வெளியிடாதீர்கள்.